தந்தையும் மகனும் வேலை பார்த்த தொழிற்சாலை



ஒரு கார் கம்பெனி மூடப்பட்ட கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கார்களைப் பற்றியே சொல்வார்கள். எந்த மாடல் எடுபடவில்லை, எந்த வருஷம் விற்பனை சரிந்தது, எந்தப் போட்டியாளர் முந்திக்கொண்டார் என்று கதை போகும். ஸ்டூடபேக்கர் என்ற அமெரிக்கக் கம்பெனியைப் பற்றியும் அப்படித்தான் நிறைய எழுதியிருக்கிறார்கள். நானும் அந்தக் கார்களைச் சொல்லாமல் போக மாட்டேன். அவை அவ்வளவு அழகானவை. ஆனால் இன்றைக்கு என் பேச்சு போய்ச் சேர வேண்டிய இடம் பென்ஷன். ஸ்டூடபேக்கர் மோசமான கார் செய்து கெடவில்லை என்பது என் துணிபு. நல்ல காலத்தில் வந்த பணத்தைப் பட்டறைக்குள் திருப்பிப் போடாமல் வெளியே விட்டது. கையில் பணம் இல்லாத காலத்தில், பின்னால் தருகிறேன் என்று தொழிலாளிக்கு வாக்குக் கொடுத்தது. இந்த இரண்டும் சேர்ந்துதான் அதன் முடிவை எழுதின.

ஆரம்பத்திலிருந்து பார்ப்போம். இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்று ஒரு ஊர். 1852ல் ஹென்றி, கிளெமெண்ட் என்ற இரண்டு ஸ்டூடபேக்கர் சகோதரர்கள் அங்கே ஒரு கொல்லுப்பட்டறை போட்டார்கள். குதிரைக்கு லாடம் அடிப்பதும் யாராவது கேட்டால் வண்டி செய்து தருவதும்தான் தொழில். இன்னொரு சகோதரர் ஜான், அடுத்த வருஷம் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனார். பிளேசர்வில் என்ற சுரங்க ஊரில் இறங்கியவருக்குத் தங்கத்தைவிட நிச்சயமான ஒரு வருமானம் கண்ணில் பட்டது. சுரங்கக்காரர்களுக்கு மண் அள்ள ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி வேண்டியிருந்தது. அதைச் செய்து விற்றே 8,000 டாலர் சேர்த்துக்கொண்டு 1858ல் ஊர் திரும்பினார். ராணுவத்துக்கு வண்டி செய்வது தன் சமய நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று தயங்கிய ஹென்றியின் பங்கை அந்தப் பணம் வாங்கிக்கொண்டது. பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. வடக்குப் படைக்கு வண்டிகள் போயின. மேற்கே குடியேறப் போனவர்களுக்கும் போயின. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உலகத்திலேயே பெரிய குதிரைவண்டி நிறுவனம் என்ற பெயர் அவர்களுக்கு வந்துவிட்டது.

குதிரைவண்டி செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் கார் யுகத்துக்குள் கால்வைத்து பெரிய கம்பெனியாக நின்றவர்கள் மிகச் சிலர். ஸ்டூடபேக்கர் 1902ல் மின்சாரக் கார் விற்றது, 1904ல் பெட்ரோல் கார். குதிரைவண்டியையும் உடனே விட்டுவிடவில்லை. 1920 வரை செய்தார்கள். மாற்றத்தைப் பார்த்துப் பயப்படாத குடும்பம் அது. அதனால்தான் பின்னால் நடந்தவற்றை, காலத்துக்கு ஏற்ப மாறத் தெரியாதவர்கள் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

1915ல் ஆல்பர்ட் எர்ஸ்கின் தலைவரானார். இருபதுகளில் கம்பெனி நன்றாக நடந்தது. 1928ல் பியர்ஸ் ஆரோ என்ற ஆடம்பரக் கார் நிறுவனத்தையும் வாங்கினார்கள். அடுத்த வருஷம் பங்குச்சந்தை விழுந்தது. நாடு முழுவதும் தொழிற்சாலைகள் செலவைச் சுருக்கின. எர்ஸ்கின், இந்தச் சரிவு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று நம்பினார். நம்பியதோடு நில்லாமல், பங்குதாரர்களுக்கு டிவிடெண்டைத் தொடர்ந்து கொடுத்தார். அந்த வருஷங்களில் கம்பெனி சம்பாதித்ததைவிட அதிகமாகக் கொடுத்தார். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிய கதைதான் அது. 1933ல் கடன் கட்ட வழியில்லாமல் கம்பெனி நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர்களின் கைக்குப் போனது. அதே வருஷம் ஜூலையில் எர்ஸ்கின் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மனிதரின் முடிவை வைத்து அவரை எடைபோடக் கூடாது. அவர் செய்த கணக்கை மட்டும் நினைவில் வையுங்கள், அது இன்னொரு உருவில் திரும்ப வரும்.

கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர்கள் பால் ஹாஃப்மன், ஹெரால்ட் வான்ஸ் என்ற இருவர். 1939ல் சாம்பியன் என்ற சிறிய காரைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பாகத்திலும் தேவையில்லாத எடையைக் கழித்து, குறைந்த பெட்ரோலில் ஓடும்படி செய்த வண்டி. வடிவமைப்புக்கு ரேமண்ட் லோவி என்ற புகழ்பெற்ற கலைஞரை அமர்த்தியிருந்தார்கள். இந்தக் கம்பெனியின் பொறியாளர்களுக்கு ஓட்டுகிறவனின் கஷ்டம் தெரியும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்புவது எவ்வளவு பாடு என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டருக்குக் கொண்டுபோவதற்குள் வண்டி பின்னால் உருளும். 1936ல் ஸ்டூடபேக்கர் இதற்கு ஒரு வழி செய்தது. மேட்டில் நிறுத்தி, கிளட்ச்சை மிதித்தபடி இருந்தால் போதும், பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் பிரேக் பிடித்தபடியே நிற்கும். கிளட்ச்சை விட விட பிரேக்கும் விடும். ஹில் ஹோல்டர் என்று பெயர். இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் செய்கிற வேலையை ஒரு சின்ன வால்வு செய்தது.

இரண்டாம் உலகப் போரில் அவர்கள் செய்த ராணுவ லாரிகள் ஏறக்குறைய 2 லட்சம். அவற்றில் பெரும்பகுதி சோவியத் நாட்டுக்குப் போனது. கத்யூஷா ராக்கெட் ஏவுகருவிகளை அந்த லாரிகள்மீது ஏற்றித்தான் செஞ்சேனை ஜெர்மானியரைத் துரத்தியது. ஸ்டூடபேக்கர் என்ற பெயர் அந்நாட்டுப் போர்வீரர்களுக்கு அமெரிக்கர்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது என்றால் மிகையில்லை.

போர் முடிந்ததும், பெரிய கம்பெனிகள் போருக்கு முந்தைய மாடல்களையே பூசி மெழுகி விற்றுக்கொண்டிருந்தபோது, ஸ்டூடபேக்கர் முற்றிலும் புதிய காரை 1946லேயே கடைக்குக் கொண்டுவந்தது. மக்கள் கார் கிடைத்தால் போதும் என்று காத்திருந்த காலம். 1950ல் உற்பத்தி 3 லட்சத்தைத் தாண்டியது. விமானத்தின் மூக்கைப் போல நடுவில் கூம்பு வைத்த அந்த வருஷத்துக் காரைப் படத்திலாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டிலும் கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் சில காலம் ஸ்டூடபேக்கர் வண்டிகளைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டி விற்றது.

அந்த நாட்களில் ஸ்டூடபேக்கர் பத்திரிகைகளில் ஒரு விளம்பர வரிசை கொடுத்தது. சவுத் பெண்ட் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு தந்தையும் மகனும் சேர்ந்து நிற்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழில் தெரிந்தவர்கள் செய்த கார் இது என்பது செய்தி. விளம்பரத்துக்காகக் கட்டிய பொய் அல்ல. அந்த ஊரில் உண்மையிலேயே அப்பா, பிள்ளை, மாமன், மச்சான் என்று குடும்பம் குடும்பமாக வேலை பார்த்தார்கள். அந்தப் படத்தைப் பற்றித் திரும்பவும் பேச வேண்டியிருக்கும்.

1946 முதல் 1950 வரை பணம் கொட்டியது. அந்தப் பணத்தைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் முழுக் கதையின் முடிச்சு. தொழிற்சாலை ஊரின் நடுவில் பல மாடிகளாக நின்ற பழைய கட்டடம். பாகங்களை மாடி மாடியாக ஏற்றி இறக்க வேண்டும். டெட்ராய்ட்டின் புதிய ஆலைகள் ஒரே தளத்தில் நீண்டு கிடந்தன. சவுத் பெண்டில் ஒரு கார் செய்ய ஆன ஆள்கூலி, போட்டியாளர்களுக்கு ஆனதைவிட அதிகம். வேலைநிறுத்தம் வந்தால் விற்பனை போய்விடும் என்று நிர்வாகம் தொழிற்சங்கம் கேட்டதற்கெல்லாம் இணங்கிப் போனது. கார் இருந்தால் விலை போகும் காலம் என்பதால் அது உறுத்தவும் இல்லை. பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் தாராளமாகப் போனது. ஆலையைப் புதுப்பிக்கத்தான் மனம் வரவில்லை. எர்ஸ்கினின் கணக்கை முறித்துக் கம்பெனியை மீட்ட அதே ஹாஃப்மனும் வான்ஸும் தழைத்த காலத்தில் அதே பக்கம் சாய்ந்தார்கள். எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம். முட்டாள்கள் செய்த தவறாக இருந்தால் விட்டுவிடலாம். விஷயம் தெரிந்தவர்கள் செய்தது இது.

1953ல் விளைவு தெரிந்தது. லோவியின் ஸ்டூடியோவில் ராபர்ட் பர்க் வரைந்த இரண்டு கதவுக் கூப்பே கார் அந்த வருஷம் வெளிவந்தது. தரையோடு தாழ்ந்து, குரோமியப் பூச்சு அதிகம் இல்லாமல், ஐரோப்பியக் கார் போல மெலிந்த உருவம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதே வருஷம் நடத்திய கார் கண்காட்சியில் அதையும் வைத்தார்கள். ஆலைக்குள் நடந்தது வேறு. முன்பக்கத் தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பானெட்டும் மட்கார்டும் சேர வேண்டிய இடத்தில் சேராமல் லைன் நின்றது. சேஸிஸ் கொஞ்சம் நெகிழ்வாக இருந்ததால், எஞ்சினை வைத்த பிறகு முன்பகுதி தொய்ந்து அளவு மாறிப்போனது. மாதக்கணக்கில் உற்பத்தி தாமதமானது. இன்னொன்றும் நடந்தது. மக்கள் நான்கு கதவு செடானைத்தான் அதிகம் கேட்பார்கள் என்று ஆலையைத் தயார்படுத்தியிருந்தார்கள். வந்தவர்கள் கூப்பேயைக் கேட்டார்கள். அதே வரைபடத்தைக் குடும்பக் காருக்கு இழுத்துப் பொருத்திய செடான் குட்டையாக, தடித்துத் தெரிந்தது. கேட்டது கையில் இல்லை, கையில் இருந்ததைக் கேட்க ஆள் இல்லை.

அதே நேரத்தில் ஃபோர்டும் ஷெவர்லேயும் முதலிடத்துக்கு மோதிக்கொண்டன. டீலர்களிடம் கார்களைத் தள்ளி, தள்ளுபடி விலையில் விற்கச் செய்தார்கள். இரண்டு யானைகளுக்கும் பெரிய சேதமில்லை. நடுவில் இருந்த சிறிய கம்பெனிகள் நசுங்கின. ஹட்சனும் நாஷும் 1954ல் இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆயின. அதே வருஷம் அக்டோபரில் பேக்கார்ட் ஸ்டூடபேக்கரை வாங்கியது. வாங்கிய பிறகுதான் பேக்கார்டின் ஆட்களுக்கு உண்மைக் கணக்கு புரிந்தது. நஷ்டம் இல்லாமல் இருக்க ஸ்டூடபேக்கர் ஆண்டுக்கு 2,82,000 கார் விற்க வேண்டும். அந்த வருஷம் விற்றது 82,000 சொச்சம். அதற்கு முன்பே, ஆலையைக் காப்பாற்றத் தொழிலாளர்கள் தங்கள் கூலியைத் தாங்களே குறைத்துக்கொள்ளச் சம்மதித்து வாக்களித்திருந்தார்கள். சங்கத்தின்மேல் எல்லாப் பழியையும் போடுகிறவர்கள் இந்த வாக்கெடுப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இரண்டு வருஷத்தில் பேக்கார்டின் டெட்ராய்ட் ஆலை மூடப்பட்டது. 1958ல் பேக்கார்ட் என்ற பெயரே போனது. ஸ்டூடபேக்கருக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. ஹெரால்ட் சர்ச்சில் தலைவராக இருந்தார். கையில் பணம் இல்லை. இருந்த பழைய உடலையே எடுத்து, முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டி, அடக்கமான ஒரு காராக்கினார். 1959ன் லார்க் அது. பெரிய கம்பெனிகளிடம் அப்போது சிறிய கார் இல்லை. லார்க் விற்றுத் தீர்ந்தது, அந்த ஒரு வருஷம் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல் லாபம். அடுத்த வருஷமே ஃபால்கன், கோர்வேர், வேலியண்ட் என்று மூன்று பெரிய கம்பெனிகளும் சிறிய காரோடு வரும் என்பது ஊரறிந்த செய்தி. சர்ச்சில் லாபத்தைப் புதிய காரில் போட வேண்டும் என்றார். இயக்குநர்கள் குழுவின் மனம் வேறு பக்கம் இருந்தது. பல வருஷ நஷ்டத்தால் கிடைத்த வரிச்சலுகையைப் பயன்படுத்தி வேறு தொழில்களை வாங்கினார்கள். ஜெனரேட்டர், தோட்ட டிராக்டர், தரை துடைக்கும் இயந்திரம், எஸ்டிபி என்ற எஞ்சின் ஆயில் கலவை. சர்ச்சிலைப் பதவியிலிருந்து நகர்த்தினார்கள். சவுத் பெண்ட் ஆலையின் விதி அந்தக் கூட்ட அறையில்தான் முடிவானது. மீதி நான்கு வருஷமும் தவணைதான்.

அவந்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் கார் பிரியர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 1961ல் புதிய தலைவர் ஷெர்வுட் எக்பர்ட் லோவியை மறுபடி அழைத்தார். லோவி மூன்று உதவியாளர்களோடு பாம் ஸ்ப்ரிங்ஸில் ஒரு வீட்டில் உட்கார்ந்து சில வாரங்களில் வரைந்து முடித்த கார் அது. முகத்தில் கிரில் கிடையாது. காற்று பம்பருக்கு அடியிலிருந்து போகும். முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். உடல் ஃபைபர் கிளாஸ். அந்த உடலை வெளியே ஒரு கம்பெனியிடம் செய்யக் கொடுத்தார்கள், வந்த பாகங்கள் பொருந்தவில்லை, ஆர்டர் கொடுத்தவர்கள் காத்திருந்து போய்விட்டார்கள். 1953ல் நடந்தது அப்படியே. மொத்தம் 5,000கூடச் செய்யவில்லை. இன்றைக்கும் அந்தக் கார் நேற்று வரைந்தது போல இருக்கிறது.

எக்பர்ட் புற்றுநோயால் 1963 நவம்பரில் விலகினார். டிசம்பர் 9ஆம் தேதி, சவுத் பெண்டில் கார் உற்பத்தி நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. கென்னடி சுடப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே, டிசம்பர் 20ல், கடைசிக் கார் லைனை விட்டு இறங்கியது. கனடாவின் ஹாமில்டன் ஆலை 1966 மார்ச் வரை ஓடியது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஸ்டூடபேக்கர் என்ற கம்பெனி திவாலாகவில்லை. வாங்கிச் சேர்த்த மற்ற தொழில்களோடு அது தொடர்ந்து வாழ்ந்தது. 1967ல் வொர்திங்டன் என்ற நிறுவனத்தோடு இணைந்து இன்னும் பெரிதானது. காரும் கார் செய்தவர்களும்தான் வெளியே போனார்கள்.

இப்போது பென்ஷனுக்கு வருகிறேன். 1949-50 வாக்கில் அமெரிக்கக் கார் தொழிலாளர் சங்கம் ஒவ்வொரு கம்பெனியிடமும் ஓய்வூதியம் கேட்டு வாங்கியது. கிரைஸ்லரில் 1950ல் 104 நாள் வேலைநிறுத்தம் நடந்ததற்குக் காரணமே, பென்ஷனுக்கான பணத்தைத் தனி நிதியாக ஒதுக்கி வைப்பதா, வாய்வார்த்தையோடு விடுவதா என்ற சண்டைதான். ஸ்டூடபேக்கரிலும் திட்டம் வந்தது, தனி நிதியும் வந்தது. ஆனால் உள்ளே ஒரு பள்ளம் இருந்தது. ஏற்கெனவே இருபது வருஷம் வேலை பார்த்தவருக்கு அந்த இருபது வருஷத்துக்கும் சேர்த்து பென்ஷன் உண்டு என்றார்கள். நியாயம்தான். அந்த இருபது வருஷத்துக்கும் யாரும் ஒரு காசு ஒதுக்கியிருக்கவில்லை. அந்தப் பள்ளத்தை முப்பது வருஷத் தவணையில் நிரப்பலாம் என்று கணக்குப் போட்டார்கள். பிறகு கூலி உயர்வு கொடுக்க முடியாத ஒப்பந்தங்களில் பென்ஷன் தொகையை உயர்த்தினார்கள். ஒவ்வொரு உயர்வும் பழைய வருஷங்களுக்கும் சேர்த்துத்தான். ஆகப் பள்ளம் ஒவ்வொரு முறையும் ஆழமானது. ரொக்கம் இன்று வெளியே போகாது என்பதால் நிர்வாகத்துக்கு அது சுலபம். உறுப்பினர்களிடம் வெற்றியாகக் காட்டலாம் என்பதால் சங்கத்துக்கும் சுலபம். கம்பெனி எழுபதுகள், எண்பதுகள் வரை ஓடினால்தான் அந்தக் கணக்கு நேராகும். நிதியில் இருப்பதற்கு மேல் கம்பெனி பொறுப்பல்ல என்ற விதியும் திட்டத்தில் இருந்தது.

ஆலை மூடியதும் நிதியைத் திறந்து பார்த்தார்கள். திட்டத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 10,500 பேர். ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள், அறுபது வயது நிரம்பித் தகுதி பெற்றவர்கள், சுமார் 3,600 பேருக்கு முழுப் பென்ஷன். அவர்களுக்குக் கொடுத்த பிறகு நிதியில் மிஞ்சியது கொஞ்சம். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள் சுமார் 4,000 பேர். அவர்களுக்குச் சேர வேண்டியதில் நூற்றுக்கு 15 பங்கு மட்டும் ஒரே தடவையாகக் கொடுத்துக் கணக்கு முடித்தார்கள். மீதி 2,900 பேருக்கு ஒன்றுமே இல்லை.

அந்த நடுப் பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சராசரி வயது 52, சராசரி வேலைக்காலம் 23 வருஷம். அதாவது 1940 வாக்கில் சேர்ந்து, போர்க்கால லாரிகளைச் செய்து, மூக்கு வைத்த காரைச் செய்து, பொருந்தாத மட்கார்டைத் தட்டிப் பொருத்தி, கூலியைக் குறைக்கச் சம்மதித்து வாக்களித்த ஆள். 52 வயதில் வேறு ஆலை சேர்த்துக்கொள்ளாது. வயதானவர்களுக்கு வேலை தேடித் தரவென்றே சவுத் பெண்டில் அரசு உதவியோடு ஒரு தனித் திட்டம் நடத்த வேண்டி வந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். அந்தத் தந்தை மகன் விளம்பரங்களை இப்போது நினைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே காரைத்தான் செய்தார்கள். அறுபதைத் தாண்டிய தகப்பனுக்கு முழுப் பென்ஷன் வரும். முப்பத்தெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு டாலரும் வராது. அவர்களுக்கு நடுவே நின்ற சித்தப்பனுக்கு நூற்றுக்கு 15.

கம்பெனி சட்டத்தை மீறியதா என்றால், இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியபடி செலுத்த வேண்டிய தவணையைச் செலுத்தித்தான் வந்தது. எனக்கு இந்தக் கதையில் ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். யாரும் திருடவில்லை, ஆனாலும் 6,900 குடும்பங்களின் முதுமை பறிபோனது. சட்டம் அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருக்கவில்லை.

பெயர் வைக்கப் பதினோரு வருஷம் ஆனது. இண்டியானாவின் செனட்டர் வான்ஸ் ஹார்ட்கி, பென்ஷன் நிதிகளுக்கு அரசு காப்பீடு வேண்டும் என்று முதலில் மசோதா கொண்டுவந்தார். நியூயார்க் செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸ் விடாமல் முயன்றார். எதிர்ப்பு பலமாக இருந்தது. கம்பெனிகள் தாங்களாகக் கொடுக்கிற சலுகையில் அரசு தலையிட்டால் கொடுப்பதையே நிறுத்திவிடுவார்கள் என்றார்கள். ஒவ்வொரு முறையும் பதிலாக மேசைமேல் வைக்கப்பட்டது ஸ்டூடபேக்கர். 1974 செப்டம்பர் 2, அமெரிக்கத் தொழிலாளர் தினம். அன்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட் கையெழுத்திட்ட எரிசா என்ற சட்டம், பென்ஷன் நிதியில் கம்பெனி எவ்வளவு பணம் கட்டாயம் சேர்த்து வைக்க வேண்டும், எத்தனை வருஷ வேலைக்குப் பிறகு பென்ஷன் தொழிலாளியின் பறிக்க முடியாத உரிமையாகும் என்பதை வரையறுத்தது. கம்பெனி மூடினாலும் ஒரு அளவுவரை பென்ஷனுக்குப் பொறுப்பேற்க அரசு நிறுவனம் ஒன்றையும் அமைத்தது. அதற்குக் கம்பெனிகள் தொடக்கத்தில் ஆண்டுக்குக் கட்ட வேண்டியிருந்த பிரீமியம் ஒரு தொழிலாளிக்கு ஒரு டாலர். அந்த ஒரு டாலர் ஏற்பாடு 1963ல் இருந்திருக்கலாம். பிற்பாடு எஃகு ஆலைகளும் விமானக் கம்பெனிகளும் வீழ்ந்தபோது லட்சக்கணக்கானவர்களுக்கு மாதப் பணம் நிற்காமல் வந்தது அந்த நிறுவனத்தின் மூலமாகத்தான்.

சட்டம் வருவதற்கு முன் முடிந்துபோன திட்டங்களுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. 52 வயதில் சவுத் பெண்ட் ஆலையை விட்டு வெளியே வந்தவருக்கு, அதிபர் கையெழுத்திட்ட அன்று வயது 63. அவருக்கு அந்தச் சட்டத்தால் ஒரு டாலரும் வரவில்லை.